5.3 லிட்டர் வி8: இந்த ஆண்டு நைட்ரஸ், அடுத்த ஆண்டு டர்போ. ஒரே என்ஜின் இரண்டுக்கும் தாங்குமா?

எட்டில்ஒன்று:

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸில் வேலை பார்க்கிறேன். வார இறுதிகளில் எட்டில் ஒரு மைல், அதாவது 201 மீட்டர் டிராக் ஓட்டத்துக்கு (நேர்ப்பாதை வேகப் பந்தயம்) போவது வழக்கம். வண்டி 1980களின் கமாரோ. அதில் இருந்த பழைய என்ஜினைத் தூக்கிவிட்டு, செவர்லே பிக்கப் டிரக் ஒன்றிலிருந்து கிடைத்த எல்எம்7 என்ஜினை இறக்கியிருக்கிறேன். 5.3 லிட்டர், இரும்பு பிளாக், போர் (சிலிண்டர் விட்டம்) 96 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 92 மி.மீ. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது, இன்னும் திறக்கவில்லை.

இந்த ஆண்டு 200 குதிரைத்திறன் கூட்டித் தரும் நைட்ரஸ் (குப்பியிலிருந்து என்ஜினுக்குள் பீய்ச்சும் நைட்ரஸ் ஆக்சைடு) வைக்க ஆசை. அடுத்த ஆண்டு காசு சேர்ந்ததும், எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று காற்றைத் திணிக்கும் பெரிய டர்போ ஒன்று. என்ஜினை ஒரு முறை மட்டும் திறந்து, பிஸ்டன், அதைச் சுற்றியிருக்கும் ரிங், வால்வுகளைத் திறக்கும் கேம், சிலிண்டர் ஹெட்டை இறுக்கும் ஹெட் ஸ்டட் எல்லாவற்றையும் இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி வாங்கிவிடலாமா? உடன் ஓட்டும் நண்பர் சொல்கிறார்: "500 குதிரைத்திறன் என்றால் 500 குதிரைத்திறன்தான். அது எந்த வழியாக வந்தது என்று பிஸ்டனுக்கு எப்படித் தெரியும்?" கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. சரிதானா?

லேத்துப்பட்டறை:

பிஸ்டனுக்கு நன்றாகவே தெரியும், தம்பி.

நைட்ரஸ் கிட்டில் இருக்கும் ஜெட் என்ற சிறு துளை, நொடிக்கு இவ்வளவு என்று அளந்து விடுகிறது. என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடுகிறதா, 6000 சுற்றில் ஓடுகிறதா என்று அது பார்ப்பதில்லை. 3000 சுற்றில் சிலிண்டர்கள் காற்றை உறிஞ்சும் எண்ணிக்கை 6000 சுற்றில் நடப்பதில் பாதிதான். ஆகவே அதே அளவு நைட்ரஸ் பாதிப் பேருக்குப் பங்கிடப்படுகிறது. ஒவ்வொரு எரிப்புக்கும் இரட்டைப் பங்கு கிடைக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 குதிரைத்திறன் 6000 சுற்றில் வந்தால் 237 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதே 200 குதிரைத்திறன் 3000 சுற்றில் வந்தால் 475. உங்கள் எல்எம்7 சொந்தமாகக் கொடுப்பதே 450 பக்கம்தான். கீழ்ச் சுற்றில் பட்டனை அழுத்தினால் கண் இமைக்கும் நேரத்தில் முறுக்குவிசை இரட்டிப்பாகிறது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளைய அது போதும். ஓட்டியவர் கடைசியில் வந்து "நான் 5000 சுற்றைத் தாண்டவே இல்லையே" என்பார். தாண்டாததுதான் காரணம்.

டர்போவின் குணம் வேறு. அதைச் சுழற்ற எக்ஸாஸ்ட் வாயு வேண்டும். கீழ்ச் சுற்றில் அது போதாது. சுற்று ஏற ஏறத்தான் பூஸ்ட், அதாவது திணிக்கும் காற்றின் அழுத்தம், ஏறும். பெரிய டர்போவாக இருந்தால் இன்னும் தாமதம். ஆகவே அதே 500 குதிரைத்திறன் மேல்சுற்றில், பல எரிப்புகளுக்குப் பிரிந்து வருகிறது. ஒவ்வோர் அடியும் சற்று மெதுவானது. ஆனால் வெப்பம் நைட்ரஸைவிட நெடுநேரம் நிற்கும். எக்ஸாஸ்ட் பக்கம் அடைத்துக்கொண்டும் இருக்கும். அது தனிக் கதை, பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு விண்டோ ஸ்விட்ச் வாங்குங்கள். 3500 சுற்றுக்குக் கீழே நைட்ரஸ் திறக்கக் கூடாது. என்ஜின் எல்லை மீறிச் சுழலாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் வேலை செய்வதற்குச் சற்று முன்பே மூடவும் வேண்டும். லிமிட்டர் பெட்ரோலை வெட்டும்போது நைட்ரஸ் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தால், பிஸ்டனில் ஓட்டை விழுவதற்கு ஒரு நொடி கூட வேண்டாம்.

ஆறுசிலிண்டர்:

ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மறுபாதி டர்போவின் அளவைப் பொறுத்தது. சின்ன டர்போவைப் போட்டுப் பூஸ்டைத் தள்ளினால் 3000 சுற்றிலேயே முழு அழுத்தம் வந்துவிடும். அப்போது ராட் படும் பாடு நைட்ரஸில் படுவதற்குக் குறைவில்லை. இன்னொன்று: டிராக் ஓட்டத்தில் யாரும் 2000 சுற்றிலிருந்து கிளம்புவதில்லை. டிரான்ஸ்பிரேக்கில் (கியர்பாக்ஸைப் பூட்டும் பிரேக்) வண்டியைப் பூட்டி, இக்னிஷனைப் பின்தள்ளி (பொறியைத் தாமதப்படுத்தி), எக்ஸாஸ்டில் நெருப்பைக் கொட்டி, பூஸ்டை ஏற்றிவைத்துக்கொண்டுதான் பச்சை விளக்குக்குக் காத்திருக்கிறோம். டர்போ தாமதம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி சாலைக்கு உரியது, ஓடுதளத்துக்கு உரியதல்ல.

என்னிடம் இருப்பது டொயோட்டா 2ஜேஇசட். 2997 சிசி, போரும் ஸ்ட்ரோக்கும் 86 மி.மீ., இரும்பு பிளாக், கிராங்கைத் தாங்க ஏழு பேரிங். 8.5 கம்ப்ரஷனோடு (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற விகிதம்) டர்போவுக்கென்றே பிறந்தது. இந்த என்ஜின் டிராக் உலகில் பேர் வாங்கியதற்குக் காரணம் தேடி யாரும் அதிகம் அலைய வேண்டியதில்லை. இன்னொரு வசதியும் உண்டு. எரிப்பு வரிசை 1-5-3-6-2-4. முன் மூன்று சிலிண்டர்களின் புகையை ஒரு குழாயிலும் பின் மூன்றின் புகையை இன்னொரு குழாயிலும் சேர்த்தால், ஒவ்வொரு குழாயிலும் துடிப்புகள் 240 டிகிரி இடைவெளியில் ஒழுங்காக வரும். ஒன்றின் துடிப்பு மற்றதைத் தடுக்காது. டர்போவில் புகை சுழற்றும் சக்கரமான டர்பைன் இரட்டை அறை கொண்டதாக இருந்தால் இதைவிட என்ன வேண்டும்? வி8இல் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களின் இடைவெளி 90, 180, 270 என்று தாறுமாறாக இருக்கும். அந்த வசதி அங்கே கிடைக்காது. உங்களைக் கேலி செய்யவில்லை, நண்பரே. என்ஜினின் அமைப்பே டர்போ எவ்வளவு சீக்கிரம் விழிக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

லேத்துப்பட்டறை:

2ஜேஇசட் நல்ல என்ஜின், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து லிட்டர் வி8க்கு டர்போவை விழிக்க வைக்க துடிப்பு ஒழுங்கு அவ்வளவு தேவையில்லை. அதன் புகையின் அளவே போதும். மூன்று லிட்டருக்குத்தான் அந்தச் சாமர்த்தியம் எல்லாம் வேண்டியிருக்கிறது.

தம்பியின் என்ஜினில் நான் கவலைப்படுவது ஹெட் போல்ட். உங்கள் எல்எம்7 சேர்ந்த எல்எஸ் என்ஜின் குடும்பத்தில் ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றி நான்கே போல்ட். அழுத்தம் ஏறும்போது ஹெட் இம்மியளவு தூக்கும், ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் ஓரம் எரியும், ரேடியேட்டரில் குமிழ் வரும். பந்தயத்துக்கென்று வந்த எல்எஸ்எக்ஸ் பிளாக்கில் சிலிண்டருக்கு ஆறு வைத்ததற்கு இதுதான் காரணம்.

பார்வையாளன்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 2ஜேஇசட்டில் ஹெட் ஸ்டட் மொத்தம் 14. ஆறு சிலிண்டர் வரிசைக்கு அதுவும் சிலிண்டருக்கு நான்குதானே வருகிறது? அது மட்டும் எப்படித் தாங்குகிறது?

வெப்பவியல்:

நல்ல கேள்வி. விடை போரின் பரப்பில் இருக்கிறது. 86 மி.மீ. வட்டத்தின் பரப்பு 58 சதுர செ.மீ. எரிப்பின்போது உள்ளே 100 பார் அழுத்தம் என்று வைத்துக்கொண்டால் ஹெட்டை மேலே தள்ளும் விசை ஏறத்தாழ 5.9 டன். எல்எம்7இன் 96 மி.மீ. வட்டத்துக்குப் பரப்பு 72.4 சதுர செ.மீ. அதே அழுத்தத்தில் 7.4 டன். போர் 10 மி.மீ. மட்டுமே பெரிது. விசையோ கால் பங்கு கூடிவிட்டது. நான்கு போல்ட்களும் அந்தக் கூடுதலைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதே குடும்பத்து 6 லிட்டர் எல்க்யூ4 என்ஜினில் போர் 101.6 மி.மீ.; அங்கே 8 டன்னைத் தாண்டும்.

பெரிய போரில் பெரிய வால்வுகள் வைக்கலாம், மூச்சு விடும். சொந்தக் காற்றில் ஓடும் என்ஜினுக்கு அது வரம். காற்றை அழுத்தித் திணிக்கிற இடத்தில் மூச்சுக் குறையைப் பூஸ்டே ஈடு செய்துவிடும், அதனால் சிறிய போரும் தடித்த சுவரும் லாபம். இரண்டு பந்தயக்காரர்கள் ஒரே பிளாக்கை வாங்கி வேறு வேறு அளவுக்குக் கடைவதன் காரணம் இதுதான்.

எட்டில்ஒன்று:

இப்போதுதான் ஒன்று புரிகிறது. 5.3 லிட்டரை 5.7 லிட்டர் அளவுக்குப் போர் செய்யலாம் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கலாம்) என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். அப்படியானால் அது வேண்டாமா?

லேத்துப்பட்டறை:

சுவரைச் செதுக்கி எடுத்த பிறகு அதே சுவரை அழுத்தத்துக்குத் தாங்கு என்று கேட்பதா? வேண்டாம். சிலிண்டர் தேய்ந்திருந்தால் சரி செய்யும் அளவுக்கு மட்டும் லேசாகத் தேய்த்து ஹோன் செய்யுங்கள். இதையும் கேளுங்கள்: ஓடுதளத்துக்கு மட்டும் என்று வைத்திருக்கும் என்ஜின்களில் தண்ணீர் அறையின் கீழ்ப்பாதியில் சிமென்ட் போன்ற ஒரு கலவையை ஊற்றிச் சுவரை அசையாமல் நிறுத்துவார்கள். சிலர் முழுவதும் ஊற்றிவிடுவார்கள், அந்த என்ஜினில் தண்ணீரே இருக்காது. ஏழெட்டு நொடி ஓடி அணைந்துவிடுவதால் அது சாத்தியம். நீங்கள் காரை ஓட்டிக்கொண்டே ஓடுதளத்துக்குப் போகிறவர் என்றால் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்.

இனி ரிங். உங்கள் பணத்தில் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய பாதுகாப்பு இதில்தான். ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே விடும் இடைவெளி, சாதாரண என்ஜினுக்குப் போரில் ஆயிரத்தில் நான்கு பங்கு. உங்கள் 96 மி.மீ.க்கு 0.38 மி.மீ. நைட்ரஸோ டர்போவோ வந்து ரிங் சூடேறினால் அது நீளும், முனைகள் முட்டும். முட்டிய பிறகும் நீள வேண்டியிருக்கிறது, போக இடமில்லை. சிலிண்டர் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிஸ்டனின் மேல் விளிம்பைப் பிய்த்து எறியும். "பிஸ்டன் பலவீனம், வார்ப்புப் பிஸ்டன், அதனால் உடைந்தது" என்று எல்லோரும் பேசுவார்கள். பல நேரங்களில் பிஸ்டன் நிரபராதி. ஆயிரத்தில் ஆறரைப் பங்கு, அதாவது 0.62 மி.மீ. பக்கம் இடைவெளி விட்டால் கம்பெனிப் பிஸ்டனே வியக்கத்தக்க அளவு தாங்கும். குளிர்ந்த நிலையில் கொஞ்சம் புகையும். புகையட்டும்.

கோவை ஹயபுசா:

நான் இருசக்கர வாகனப் பக்கம். 1340 சிசி ஹயபுசா, போர் 81 மி.மீ., ஸ்ட்ரோக் 65 மி.மீ., கம்ப்ரஷன் 12.5. சொந்தக் காற்றில் ஓட அருமையான விகிதம், டர்போவுக்கு எமன். பிஸ்டன் மாற்றாமல் குறைக்க ஒரு குறுக்குவழி உண்டு: சிலிண்டர் பிளாக்கின் அடியில் ஒரு தகட்டை வைத்து உயர்த்திவிடுவது. ஒரு மி.மீ. தகடு வைத்தாலே 12.5 என்பது 10.8 பக்கம் இறங்கிவிடும். டர்போ ஹயபுசாக்காரர்கள் உலகமெங்கும் செய்வதுதான். எல்எம்7க்கும் தடித்த கேஸ்கெட் வைத்து அப்படிக் குறைத்துவிட்டால் என்ன?

வெப்பவியல்:

உங்கள் கணக்கு சரி. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. பிஸ்டன் மேலே வரும்போது அதன் ஓரமும் ஹெட்டின் தட்டையான பகுதியும் ஏறத்தாழ ஒரு மி.மீ. நெருக்கத்தில் வந்து, இடையில் இருக்கும் கலவையை நடுவே பீய்ச்சி அடிக்கும். அந்தச் சுழல்தான் எரிப்பை வேகமாக்குகிறது. கடைசியில் எரியக் காத்திருக்கும் ஓரத்துக் கலவையையும் அது குளிர்விக்கிறது. நாக்கிங், அதாவது கலவை தானாகவே வெடிப்பது, பிறப்பது அந்த ஓரத்தில்தான். தகடு வைத்து ஒரு மி.மீ. உயர்த்தினால் நெருக்கம் இரண்டு மி.மீ. ஆகிவிடுகிறது. கம்ப்ரஷனைக் குறைத்து நாக்கிங்கைத் துரத்தினீர்கள், சுழலைக் கொன்று அதில் ஒரு பகுதியைத் திரும்ப அழைத்துவிட்டீர்கள். பிஸ்டன் தலையில் குழி இருக்கும் டர்போ பிஸ்டன் வாங்கினால் ஓரத்து நெருக்கம் அப்படியே இருக்கும், நடுவில் மட்டும் இடம் கூடும்.

எல்எம்7க்கு இந்தக் கவலையே இல்லை. அதன் கம்ப்ரஷன் கம்பெனியிலேயே 9.5. கோட்பாட்டின்படி பார்த்தால் 9இலிருந்து 10க்கு ஏற்றினால் கிடைக்கும் ஆதாயம் 3 சதவீதம் அளவுதான். அதற்காக அடித்துக்கொள்ள வேண்டாம். 9.5 நைட்ரஸுக்குக் கொஞ்சம் சாந்தம், டர்போவுக்குக் கொஞ்சம் காரம், எத்தனால் கலந்த ஈ85 ஊற்றினால் இரண்டுக்கும் பொருத்தம்.

கம்ப்ரஷனையும் டர்போவையும் சேர்த்து விளையாடியவர்களில் பழைய ஆள் ஓல்ட்ஸ்மொபீல். 1962இல் ஜெட்ஃபயர் என்று 3.5 லிட்டர் அலுமினிய வி8 காரை டர்போவோடு விற்றார்கள். கம்ப்ரஷன் 10.25! நாக்கிங்கை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து பீய்ச்சினார்கள். தொட்டியை நிரப்ப வாடிக்கையாளர்களுக்கு ஞாபகம் இருக்கவில்லை. கார் இரண்டே ஆண்டுகளில் நின்றுபோனது.

கோவை ஹயபுசா:

குழிப் பிஸ்டன் விலையையும் தகட்டின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் ஐயா. இரண்டு மி.மீ. நெருக்கத்தோடு பறக்கிற பைக்குகள் ஏராளம். எங்களுக்கு முதல் கியரில் முழு பூஸ்ட் கொடுத்தால் வண்டி மல்லாந்துவிடும். கியருக்குக் கியர் பூஸ்டை ஏற்றுவதால் நாக்கிங் வரும் நேரமே குறைவு.

வெப்பவியல்:

பறக்கின்றன, மறுக்கவில்லை. நல்ல எரிபொருளும் பின்தள்ளிய டைமிங்கும் அந்தக் குறையை மூடிவைத்திருக்கின்றன என்பது மட்டுமே என் வாதம்.

எட்டில்ஒன்று:

கேம் பற்றி யாரும் சொல்லவில்லையே? கேம் ஒன்று வாங்கி இரண்டுக்கும் ஓட்டலாம் என்று நினைத்திருந்தேன்.

லேத்துப்பட்டறை:

உங்கள் திட்டம் உடைகிற இடம் இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

நைட்ரஸ் உள்ளே வரும்போது திரவமாகவும் கடும் குளிராகவும் வருகிறது, அதிக இடம் பிடிப்பதில்லை. எரிந்து வெளியே போகும்போதோ புகையின் அளவு பெருத்துவிடுகிறது. ஆகவே நைட்ரஸ் கேமில் காற்று உள்ளே வரும் இன்டேக் பக்கம் பெரிய மாற்றம் தேவையில்லை. எக்ஸாஸ்ட் வால்வு முன்கூட்டியே திறந்து, அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். நைட்ரஸ் கேம்களில் வால்வு திறந்திருக்கும் அளவைக் காட்டும் எண் எக்ஸாஸ்ட் பக்கம் இன்டேக்கைவிடக் கணிசமாகப் பெரிதாக இருப்பது இதனால்தான்.

டர்போவில் எக்ஸாஸ்ட் வழியில் டர்பைன் குறுக்கே நிற்கிறது. இன்டேக் மேனிபோல்டில் 2 பார் இருக்கும்போது எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் 3 பார் இருக்கக்கூடும். இரண்டு வால்வுகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன நடக்கும்? இறங்குகிறவர்கள் படியிலேயே நிற்கும் பஸ்ஸில் ஏறப் பார்ப்பது போலத்தான். புதுக் காற்று ஏறாது. கொதிக்கும் புகை உள்ளே திரும்பும், அடுத்த எரிப்பு நாக்கிங்கில் முடியும். அதனால் டர்போ கேமில் இரண்டும் சேர்ந்து திறக்கும் நேரத்தைக் குறைத்து வைப்பார்கள். எக்ஸாஸ்டை அவசரமாகத் திறந்து நைட்ரஸ் கேம் வீணாக்கும் அழுத்தத்தைப் பிஸ்டனே பயன்படுத்திக்கொள்ளும்.

ஆறுசிலிண்டர்:

இங்கே ஒரு திருத்தம். ஐயா சொல்வது எக்ஸாஸ்ட் பக்கம் நெருக்கடியான பழைய பாணி அமைப்புக்கு. இன்றைய பெரிய டர்பைன்களில் எக்ஸாஸ்ட் அழுத்தம் பூஸ்டுக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோ இருக்கும்படி அமைக்கிறார்கள். அப்போது வால்வுகள் சேர்ந்து திறந்தால் நன்மைதான், புதுக் காற்று பழைய புகையை வெளியே தள்ளிவிடும். டர்போவுக்குச் சாதுவான கேம்தான் வேண்டும் என்பது சட்டமல்ல.

லேத்துப்பட்டறை:

சட்டமல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அளவுக்குப் பெரிய டர்பைனைச் சுழற்ற 5.3 லிட்டர் கீழ்ச் சுற்றில் திணறும். தம்பி அடுத்த ஆண்டு எந்த அளவு டர்போ வாங்கப் போகிறார் என்பது தெரியாமல் இந்த ஆண்டே கேம் வாங்குவது எப்படி? நல்ல வேளையாக எல்எஸ் என்ஜினில் ஹெட்டைக் கழற்றாமலேயே முன்பக்கமாகக் கேமை உருவிவிடலாம். கேமைச் சுழற்றினால் லிஃப்டர்கள் மேலே உள்ள பிளாஸ்டிக் பிடிப்புகளில் தொற்றிக்கொள்ளும். ஒரு நாள் வேலை. இரண்டு கேம் வாங்குங்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு கேம் தேடாதீர்கள்.

பார்வையாளன்:

இன்னொரு சந்தேகம். அமெரிக்காவில் நைட்ரஸ் மட்டும் வைத்து ஓடும் பெரிய பிரிவுகளில் 900 கன அங்குலத்துக்கு மேல், ஏறத்தாழ 15 லிட்டர் என்ஜின் வைக்கிறார்களே? டர்போ ஆட்கள் அதைவிட வெகு சிறிய என்ஜினோடு பக்கத்தில் நிற்கிறார்கள். நைட்ரஸ்தான் திறனைக் கொடுக்கிறது என்றால் லிட்டர் எதற்கு?

ஆறுசிலிண்டர்:

டர்போக்காரன் திறன் போதவில்லை என்றால் பூஸ்டைக் கூட்டுவான். அதே என்ஜின், இன்னும் அரை பார். நைட்ரஸ்காரனுக்கு அந்தச் சுதந்திரம் குறைவு. மேலே மேலே நைட்ரஸ் ஊற்றினால் எரிப்பு கட்டுக்கு மீறி வேகமாகிறது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் சமமாகப் பங்கிடுவதும் கடினமாகிறது. ஒரு சிலிண்டருக்குக் கொஞ்சம் கூடப் போனால் அது முதலில் சாகும். ஆகவே நைட்ரஸ் இல்லாமலேயே எவ்வளவு பெரிதாக மூச்சு விட முடியுமோ அவ்வளவு பெரிய என்ஜின், 14ஐயும் தாண்டுகிற கம்ப்ரஷன், அதன் மேல் நைட்ரஸ். அடித்தளம் பெரிதாக இருந்தால் நைட்ரஸ் சுமக்க வேண்டிய பங்கு குறைகிறது. அப்படிப்பட்ட என்ஜின்களில் அலுமினிய ராட் போடுவதையும் பார்த்திருப்பீர்கள். நைட்ரஸின் அதிர்ச்சியை அது கொஞ்சம் உள்வாங்கி பேரிங்கைக் காப்பாற்றும். சோர்ந்துபோவதால் ஓட்டக் கணக்கு வைத்து மாற்றுவார்கள். சாலையில் ஓடும் காருக்கு எஃகு ராட்தான்.

வெப்பவியல்:

வெப்பநிலைக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி செல்சியஸ் காற்றை ஒரு பார் பூஸ்டுக்கு அழுத்தினால், கம்ப்ரஸரின் திறமை 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வெளியே வருவது 125 டிகிரி பக்கம். இரண்டு பார் என்றால் 190. அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாமல் அதைப் பெட்ரோலோடு சேர்ப்பது தற்கொலை. டிராக் ஓட்டத்தில் தொட்டி நிறையப் பனிக்கட்டி போட்டு அந்தத் தண்ணீரை இன்டர்கூலரில் ஓட விடுவார்கள். ஓட்டம் சில நொடிகளே என்பதால் பனிக்கட்டி போதும். மெத்தனால் ஊற்றுகிறவர்களில் பலர் இன்டர்கூலரே வைப்பதில்லை. ஒரு கிலோ மெத்தனால் ஆவியாகும்போது விழுங்கும் வெப்பம் பெட்ரோல் விழுங்குவதைப் போல மூன்று மடங்கு, ஊற்றும் அளவும் இரண்டு மடங்குக்கு மேல்.

நைட்ரஸ் இந்த விஷயத்தில் பாக்கியசாலி. −88 டிகிரியில் கொதிக்கும் திரவம் அது, தன்னோடு குளிரையும் கொண்டுவருகிறது. எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன், காற்றில் 23தான். 300 டிகிரியைத் தாண்டும்வரை அது வாய் திறப்பதில்லை. சிலிண்டருக்குள் உடைந்த பிறகே ஆக்சிஜன் விடுபடுகிறது, அந்த உடைப்பும் வெப்பம் தருகிறது. எரிப்பு வேகமாவதால் இக்னிஷனைப் பின்தள்ள வேண்டும். ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் 1 முதல் 2 டிகிரி என்பது பந்தயக்காரர்களின் வழக்கு.

உயரத்தையும் பாருங்கள். டென்வர் பக்கத்தில் மலையடிவாரத்தில் பேண்டிமியர் ஓடுதளம் இருந்தது, 2023இல் மூடினார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1770 மீட்டர். காற்று மெலிவு, சொந்த மூச்சில் ஓடும் என்ஜின்கள் அங்கே சோர்ந்துவிடும். டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று இழந்ததை மீட்கப் பார்க்கும். நைட்ரஸ் காரில் என்ஜினின் சொந்தப் பங்கு குறையும், குப்பியிலிருந்து வரும் பங்கு குறையாது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் போர் விமானங்களில் ஜிஎம்-1 என்ற பெயரில் நைட்ரஸ் வைத்ததும் உயரத்தில் காற்று மெலிந்த இடத்துக்காகத்தான்.

கோவை ஹயபுசா:

உயரத்தை விடுங்கள், வெயிலைச் சொல்லுங்கள். கோடையில் குப்பி கொதித்துவிடுகிறதே?

வெப்பவியல்:

சரியாகப் பிடித்தீர்கள். 36.4 டிகிரிக்கு மேல் நைட்ரஸ் திரவமாகவே இருக்காது. டெக்சாஸ் வெயிலானாலும் தமிழ்நாட்டு மே மாதமானாலும் பூட்டிய காருக்குள் இருக்கும் குப்பி அந்த எல்லையை எளிதில் தாண்டும். ஜெட்டின் கணக்கு திரவத்துக்குப் போட்டது. வாயுவாக வந்தால் அளவு மாறும், கலவை மாறும். 30 டிகிரியை ஒட்டி, 62 முதல் 65 பார் அழுத்தத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். அமெரிக்கக் கணக்கில் 900 முதல் 950 பிஎஸ்ஐ. குளிர்காலத்தில் குப்பிக்கு ஹீட்டர் கட்டுவார்கள், வெயிலில் ஈரத்துணி போர்த்துவார்கள். நெருப்பைக் காட்டிச் சூடாக்குவதை மட்டும் எவர் சொன்னாலும் செய்யாதீர்கள்.

எட்டில்ஒன்று:

குறித்துக்கொண்டேன். டிரக்கின் இன்டேக் மேனிபோல்டு அப்படியே இருக்கிறது. த்ரோட்டிலுக்கு முன்னால் ஒரே முனை வைத்து நைட்ரஸும் பெட்ரோலும் சேர்த்துப் பீய்ச்சும் கிட் மலிவாகக் கிடைக்கிறது. அது போதுமா?

லேத்துப்பட்டறை:

அந்த மேனிபோல்டு பிளாஸ்டிக். காற்று மட்டும் ஓடுவதற்கென்று வடிவமைத்தது. அதில் பெட்ரோலைப் பீய்ச்சினால் வளைவுகளில் தேங்கும். தேங்கியது ஒரு முறை பின்னோக்கிப் பற்றினால் மேனிபோல்டு துண்டுதுண்டாக பானெட்டுக்கு அடியில் கிடக்கும். ஒன்று, நைட்ரஸை மட்டும் அதில் விட்டு, தேவையான பெட்ரோலை என்ஜின் கம்ப்யூட்டர் வழியாக இன்ஜெக்டரிலேயே கூட்டிக் கொடுங்கள். அல்லது ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலும் தனித்தனி முனை வையுங்கள். பங்கீடு சமமாக இருக்கும், செலவு கூடும். எதைச் செய்தாலும் பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் நைட்ரஸைத் தானே மூடும் ஸ்விட்ச் ஒன்று கட்டாயம்.

ஆறுசிலிண்டர்:

அடுத்த ஆண்டு டர்போ வந்த பிறகு நைட்ரஸை விற்றுவிடாதீர்கள். பெரிய டர்போவை விழிக்க வைக்க சிறிய நைட்ரஸ் மருந்து அருமையானது. கிளம்பும் இடத்தில் ஒரு நொடி கொடுத்தால் எக்ஸாஸ்டில் கூடுதல் வெப்பமும் வாயுவும் சேர்ந்து டர்பைனைத் தூக்கிவிடும். பூஸ்ட் வந்ததும் தானாக அணைந்துவிடும்படி கட்டலாம். அப்படிச் செய்தால் ஐயாவும் நானும் சண்டை போட்ட டர்பைன் அளவுப் பிரச்சினையும் பாதி தீர்ந்துவிடும். வேகமான சாலைக் கார்கள் பலவற்றில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

எட்டில்ஒன்று:

முடிவு செய்தது இது. பிளாக்கைக் கடையப் போவதில்லை. ஹோன் செய்து, கம்பெனிப் பிஸ்டனுக்கே ரிங் இடைவெளியை 0.62 ஆக்கி, ஹெட் ஸ்டட்டும் பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டும் போடுகிறேன். வால்வு ஸ்பிரிங் புதிது. கேம் இந்த ஆண்டு நைட்ரஸுக்கு உரியது, அடுத்த ஆண்டு வேறு. கிட் தனித்தனி முனை கொண்டது. முதலில் 100 குதிரைத்திறன் ஜெட், ஸ்பார்க் பிளக் முகத்தைப் பார்த்து, பிறகு 150, கடைசியாக 200. எரிபொருள் ஈ85, அதற்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அளவு வேண்டியிருப்பதால் பம்பும் இன்ஜெக்டரும் பெரிதாக்கப் போகிறேன். இதில் விட்டது ஏதாவது உண்டா?

லேத்துப்பட்டறை:

ராடை விட்டுவிட்டீர்கள். பிஸ்டனை வெளியே எடுத்த கையோடு ஃபோர்ஜ் செய்த ராட் போடுங்கள். டர்போ ஆண்டில் மறுபடி திறக்க வேண்டியிருக்காது. ராட் மாற்றினால் கிராங்கையும் பேலன்ஸ் பார்த்துவிடுங்கள்.

200 ஜெட் வைத்தால் உங்கள் கமாரோ எட்டில் ஒரு மைலை 7.35 நொடிக்குள் முடித்துவிடக்கூடும். அந்த நேரத்துக்குக் கீழே போனால் அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்ஹெச்ஆர்ஏ விதிப்படி ரோல் பார் (கார் கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் குழாய்ச் சட்டம்) வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஓட்டத்துக்கு விட மாட்டார்கள். குப்பியில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டிஓடி 1800 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது காருக்குள் இருந்தால் பாதுகாப்பு வால்விலிருந்து வெளியே ஒரு குழாய் போக வேண்டும். ரோல் பாரை வெல்டிங் செய்யும் ஆள் கிடைக்க நாளாகும், அவரிடம் இப்போதே தேதி வாங்கிவிடுங்கள். ரிங் வருவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும்.